தரிசு என்ற சொல்லும் தாவரங்களின் பெயரும்

இலக்கியம் பயில்வோர் கூடி நடத்தும் வட்டத்தின் மலரில் முள்செடிகளைப் பற்றிய கட்டுரைக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களைப் பெயர் சொல்லி அடுக்கியதை ஆண்டுதோறும் மேடையில் வியக்கும் நமக்கு அவ்வினாவை எழுப்பும் உரிமை குறைவு. செடியின் பெயரும் ஒரு சொல்லே. அதற்கும் பிறப்பு உண்டு, பயணம் உண்டு, சிலபோது இடப்பெயர்ச்சியும் உண்டு. குறிஞ்சி நிலத்துப் பூக்களுக்குப் பாட்டு வாய்த்தது. மழை குறைந்த மேட்டுநிலத்துச் செடிகளுக்கு வருவாய்த்துறை ஒரே ஒரு சொல்லை வழங்கிற்று. அச்சொல் தரிசு.

நான் இங்கே எடுத்துக்கொள்வது தக்காணப் பீடபூமியின் தென்பகுதி. கோவை, தருமபுரி, கிருஷ்ணகிரி தொடங்கி, மைசூர், கோலார் வழியாக அனந்தப்பூர் வரை பரந்து கிடப்பது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் அமைந்தது. கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 300 முதல் 900 மீட்டர் உயரம். ஆண்டு மழை பெரும்பாலான இடங்களில் 500 முதல் 900 மில்லிமீட்டர். செம்மண்ணும் கருங்கற் பாறையும் இதன் உடல்; வேலும் கள்ளியும் ஆவாரையும் இதன் உடை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு வழங்கும் நிலமும் இதுவே. நடுவண் அரசின் நிலவளத்துறை 2019-இல் வெளியிட்ட தரிசுநில வரைபடத் தொகுதியிலும் புதர் நிலம் தரிசின் வகைகளுள் ஒன்றாகவே வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தப் புதருக்குள் ஆடு மேய்க்கும் ஒருவரோடு அரை நாழிகை நடந்து பார்த்தவர்கள் அறிவார்கள்: அவர் ஒவ்வொரு செடிக்கும் பெயர் சொல்வார், எந்த ஆடு எதைத் தின்னும், எதைத் தின்னாது என்றும் சொல்வார். இத்தனை பெயர் அடர்ந்த நிலத்தை வெற்றிடம் என்பது எவ்வாறு பொருந்தும்?

இப்பெயர்களுக்கு மேல் இன்னொரு பெயர்ப்படலம் படிந்திருக்கிறது. அது இலத்தீன் படலம். சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753-இல் தம் நூலில் பேரினம் ஒன்று, சிற்றினம் ஒன்று என இருசொற் பெயரிடும் முறையை நிலைநாட்டினார். அதற்கு முன் ஒரு செடியைக் குறிக்க ஒரு நீண்ட தொடரையே எழுத வேண்டியிருந்தது. அவருடைய மாணவர்களுள் ஒருவரான யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768-இல் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்தார். பின்னர் ஆர்க்காட்டு நவாபிடமும், 1778 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் பணி செய்து, 1785-இல் காக்கிநாடாவை அடுத்த ஜகந்நாதபுரத்தில் மறைந்தார். கறிவேப்பிலையின் இலத்தீன் பெயரில் இன்றும் அவர் இருக்கிறார். நாள்தோறும் நாம் தாளித்துவிட்டு இலையின் ஓரத்தில் ஒதுக்கி வைப்பது கோனிக்கின் பெயர் தாங்கிய இலையை. கடப்பைக் குன்றுகளின் செஞ்சந்தனத்தை ஐரோப்பாவுக்கு அறிமுகம் செய்தவையும் அவர் அனுப்பிய மாதிரிகளே. அதற்குச் சந்தனம் போன்றது என்னும் பொருளில் சாண்டலைனஸ் என்று பெயரிட்டவர், லின்னேயஸின் மகன். மணமில்லாத மரத்துக்குச் சந்தனப் பெயர் வாய்த்தது அவ்வாறுதான்.

கோனிக்கைத் தொடர்ந்து வந்தவர்களின் காலடியை நோக்கினால் ஒன்று புலப்படும். அவர்கள் கடற்கரையிலிருந்து மேட்டுநிலத்துக்கு ஏறியது படைகளின் பின்னால். 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகாலும் சேலமும் கம்பெனியின் கைக்கு வந்தன. 1799-இல் திப்பு வீழ்ந்தபின் கோவையும் வந்தது. அதன்பின் மைசூரை அளக்கச் சென்ற மெக்கன்சியின் குழுவில் பெஞ்சமின் ஹெய்ன் மருத்துவராகவும் இயற்கை ஆய்வாளராகவும் இருந்தார். வெல்லெஸ்லியின் ஆணைப்படி 1800-இல் சென்னையிலிருந்து புறப்பட்ட பிரான்சிஸ் புக்கானன் மைசூர், கோவை, மலபார், கன்னடக்கரை எங்கும் சுற்றி வந்து 1807-இல் மூன்று தொகுதிகளாகத் தம் பயண நூலை வெளியிட்டார். புதிதாகக் கிடைத்த நாட்டில் என்ன விளைகிறது, எது விலைபோகும் என்று அறிவதே பயணத்தின் நோக்கம். ஆயினும் வழியில் கண்ட காட்டு மரங்களை அவ்விடத்து மக்கள் வழங்கிய பெயர்களோடு சேர்த்து அவர் பட்டியலிட்டது நமக்குக் கிடைத்த பேறு. சாரைப்பருப்பு மரத்தின் பேரினம் புக்கனானியா என அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. தாயின் சொத்துக்கு உரிமை பெற்ற பின் அவர் ஹாமில்டன் என்று பெயரை மாற்றிக்கொண்டார். மரம் பழைய பெயரை விடவில்லை.

படைக்கும் பெயருக்கும் உள்ள உறவுக்கு ஆச்சா மரத்தைக் காட்டிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை. பாறை இடுக்கில் வேரூன்றி வறட்சியைத் தாங்கி நிற்கும் மரம் அது. இந்திய மரங்களுள் மிகக் கடினமானவற்றில் ஒன்று. இலை ஆடுமாடுகளுக்குத் தீனி. பட்டையிலிருந்து கயிறு திரிக்க நார். தெலுங்கில் அதை வழங்கும் பெயரிலேயே நார் என்ற சொல் இருக்கிறது. இவ்வளவு பயன்பாட்டு அறிவு பெயரில் படிந்த மரத்துக்கு வில்லியம் ராக்ஸ்பர்க் சூட்டிய இலத்தீன் பெயர் ஹார்ட்விக்கியா பைனேட்டா. பின்சொல் இரட்டையான சிற்றிலைகளைக் குறிப்பது, பொருத்தமே. முன்சொல் தாமஸ் ஹார்ட்விக் என்ற வங்காளப் பீரங்கிப்படை அதிகாரியின் நினைவு. அவர் உயிரினங்களில் நாட்டம் கொண்டவர், நல்ல சேகரிப்பாளர். மைசூர்ப் போர்களில் பங்கேற்றவரும் கூட. எந்த மேட்டுநிலத்தை நோக்கி அப்பீரங்கிகள் உருண்டனவோ அதன் மரமே அவர் பெயரைச் சுமக்கிறது.

புருசு மரத்தின் கதை சற்று நகைப்புக்குரியது. ஈழத்தில் முதிரை என்பர். ராக்ஸ்பர்க் முதலில் இதற்குச் சுவிடேனியா குளோரோசைலான் என்று பெயரிட்டார். பின்னர் வந்த டி கண்டோல் இது வேறு பேரினம் என்று கண்டு, சொற்களை முன்பின்னாகத் திருப்பிக் குளோரோசைலான் சுவிடேனியா ஆக்கினார். முதற்சொல் கிரேக்கத்தில் பசுமரம் எனப் பொருள்படும். மற்றது வியன்னாவில் அரசி மரியா தெரேசாவின் மருத்துவராக இருந்த வான் சுவீட்டனைக் குறிக்கிறது. இரத்தம் குடிக்கும் பேய்கள் உண்டென்ற நம்பிக்கையை ஆராய்ந்து மறுத்த அறிஞர் அவர். தருமபுரிப் பாறைக்காட்டுக்கும் அவருக்கும் இப்பெயரைத் தவிர வேறு தொடர்பு இல்லை.

இவ்வாறு அயலார் பெயர்களே எங்கும் நிறைந்திருப்பதாக எண்ணிவிட வேண்டா. இலத்தீன் ஆடைக்குள் நம் சொற்களும் இருக்கின்றன. கொச்சியின் ஒல்லாந்த ஆளுநராக இருந்த வான் ரீட் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த மலபார்த் தாவர நூலைத் தொகுத்தார். இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரின் அறிவு அதற்கு ஆதாரம். மலையாளப் பெயர்கள் அப்படியே ஐரோப்பிய எழுத்தில் ஏறின. லின்னேயஸ் 1753-இல் வேலிக்கள்ளிக்கு யூஃபோர்பியா திருக்கள்ளி என்று பெயர் வைத்தபோது, பின்சொல்லை வான் ரீட்டின் பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டார். முன்சொல்லோ வட ஆப்பிரிக்க மன்னன் யூபாவின் கிரேக்க வைத்தியரது பெயர். ஒரே செடியின் பெயரில் அந்த வைத்தியரும் நம் கள்ளியும் தோளோடு தோள் நிற்கிறார்கள். மருக்காரையின் பேரினம் காட்டுநாரகம், அதாவது காட்டு நாரத்தை. பாறைமேட்டில் வளரும் உலக்கைப்பாலை மணில்காரா. புங்கு பொங்கேமியா ஆயிற்று. முருங்கை மொரிங்கா ஆயிற்று. அம்முருங்கையின் காட்டு உறவினம் ஒன்று இம்மேட்டுநிலத்தில் இன்றும் தானாக வளர்கிறது.

இவற்றுள் பெரும்பாலானவை மலையாளக் கரையில் காதால் கேட்ட சொற்கள். ராக்ஸ்பர்க் சாமல்கோட்டையில் இருந்தமையால் தெலுங்குச் சொற்கள் சில சேர்ந்தன. எழுதுவோர் எங்கே குடியிருந்தாரோ அங்கத்துப் பேச்சு நூலேறியது. பாராமகாலின் தமிழும் கோலாரின் கன்னடமும் அந்தப் பேறு பெற்றது மிகக் குறைவு.

தெலுங்கு வழியாக வந்தவற்றுள் ஒன்றை நின்று பார்க்க வேண்டும். பாறையோரத்தில், வேறு புதர்களின் நிழலில், விரல் பருமனில் நாற்கோணத் தண்டாக முளைக்கும் கள்ளிமுளையானை மேய்ச்சல்காரர் அனைவரும் அறிவர். ஒடித்து மென்றால் தாகமும் பசியும் அடங்கும். ராக்ஸ்பர்க் இதனை 1795-இல் தொடங்கிய தம் சோழமண்டலக் கரைத் தாவரங்கள் வரிசையில் படத்தோடு வெளியிட்டபோது, இம்மக்கள் இதைப் பச்சையாகவே தின்கிறார்கள் என்று குறித்தார். தெலுங்கர் வழங்கும் பெயர் கார்-அல்லும் என்றும் எழுதிவைத்தார். அச்சொல்லை எடுத்து ராபர்ட் பிரௌன் காரல்லுமா என்ற பேரினப் பெயரை 1810-இல் படைத்தார். பிற்காலத்து ஐரோப்பிய நூல்கள் பலவற்றில் இது அரபுமொழியில் உடற்புண் எனப் பொருள்படும் தொடரிலிருந்து வந்தது என்ற விளக்கம் பரவியது. செடியின் பூ நாற்றமுடையது, இறைச்சி நிறத்தது. ஆகவே விளக்கம் கவர்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் ராக்ஸ்பர்க்கின் நூலைத் திறந்து ஒரு பக்கம் படித்திருந்தால் போதும். தெலுங்கு மேய்ப்பரின் வாயிலிருந்து வந்த சொல்லுக்கு அரபுப் பாலைவனத்தில் தாய் தேடியிருக்க வேண்டியதில்லை. இன்று அறிஞர் தெலுங்கு மூலத்தையே ஏற்கின்றனர். 21-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இச்செடியின் சாறு, உடல் மெலிவதற்கான மாத்திரையாக வெளிநாட்டுக் கடைகளில் விற்கப்படுகிறது. குப்பியின் மேல் காரல்லுமா என்ற பெயர் பெரிதாக இருக்கும். அந்தப் பெயரைக் கொடுத்தவர்கள் எவர் என்பது குப்பியில் இருப்பதில்லை.

பிரௌன் அக்கட்டுரையை எடின்பரோவில் ஒரு கழகத்தில் 1809-இல் படித்தார். எருக்கு, நன்னாரி, வெட்பாலை ஆகிய மூன்றும் தம் இன்றைய பேரினப் பெயரைப் பெற்றதும் அதே கட்டுரையில்தான். இந்தியாவுக்கு ஒருநாளும் வராத ஒருவர், உலர்ந்த மாதிரிகளை மேசைமேல் வைத்து, நம் ஊர்ப்புறத்தின் நான்கு செடிகளுக்கு ஒரே இருப்பில் பெயரிட்டிருக்கிறார். எருக்கின் கலோட்ரோபிஸ் அழகிய அடிக்கட்டை என்று பொருள்படும். கப்பலின் அடிமரத்தைப் போலப் பூவினுள் நிற்கும் உறுப்பைக் கண்டு வைத்தது. எருக்கம்பூவைப் பிள்ளையாருக்கு மாலையாகக் கோப்பவர்கள் அதே உறுப்பைத்தான் தனியே எடுத்துக் கோக்கிறார்கள். இரு கண்களும் ஒன்றையே கண்டன.

வெட்பாலை மட்டும் ஒரு குழப்பத்தைத் தாங்கி நிற்கிறது. அதன் பெயர் ரைட்டியா. கோவையில் 1842 முதல் 1853 வரை பருத்தி ஆய்வை நடத்திய ராபர்ட் வைட்டின் பெயரே இது என்று நம்மவர் பலர் கருதுவதுண்டு. ஒலி அப்படி மயக்குகிறது. உண்மையில் அது ஜமைக்காவில் பணியாற்றிய வில்லியம் ரைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரின் பெயர். டிங்டோரியா என்ற பின்சொல் சாயத்தைக் குறிக்கும். இதன் இலையிலிருந்து நீலச்சாயம் எடுக்கலாம் என்று காட்டியவர் ராக்ஸ்பர்க். வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் இட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதாவாக மாறுவதைச் சித்த வைத்தியம் செய்வோர் அறிவர். தோல்நோய்க்கு அதுவே தைலம். மென்மையும் வெண்மையும் உடைய இதன் மரத்தில்தான் சென்னப்பட்டணத்துப் பொம்மைகள் கடையப்படுகின்றன. அங்கே கன்னடர் இதனை ஹாலெ என்கின்றனர். தமிழின் பகரம் கன்னடத்தில் ஹகரமாகும் நெறியை அறிந்தோர்க்கு, பால் ஹாலு ஆவதுபோல் பாலை ஹாலெ ஆயிற்று என்பது விளங்கும். கிள்ளினால் பால் வடிவதே பெயருக்குக் காரணம். ஐந்திணையில் பாலைக்குப் பெயர் தந்த மரம் இந்த வெட்பாலையா, முன்னர்ச் சொன்ன உலக்கைப்பாலையா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. என் எண்ணம் வெட்பாலையின் பக்கம் சாய்கிறது. கோடையில் இலையுதிர்த்து நிற்கும்போதே வெண்மலர் பூக்கும் இயல்பு அத்திணையின் உரிப்பொருளுக்கு இயைவதாகத் தோன்றுகிறது. எதுவாயினும், வறண்ட நிலத்துக்கு நம் முன்னோர் வைத்த பெயர் பால் சுரக்கும் மரத்தின் பெயர். தரிசு என்ற சொல் அதன்பின் வந்தது.

உருவம் கண்டு வைத்த பெயர்களைப் பற்றி மிக விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆவாரையின் ஆரிகுலேட்டா, காம்பின் அடியில் காதுபோல் நிற்கும் இலைச்செதிலைக் குறிப்பது. கொழுஞ்சியின் தெஃப்ரோசியா சாம்பல் நிறம் என்பது. நெருஞ்சியின் டிரிபுலஸ், குதிரைப்படையைத் தடுக்கத் தரையில் இறைத்த நான்முனை இரும்பு முள்ளின் பெயர். விராலியின் டோடோனியா ஒரு பிளெமிய மருத்துவரின் பெயர். விஸ்கோசா அதன் இலையின் பிசுபிசுப்பு. கொங்குநாட்டார் தலைக்குத் தேய்க்கும் அரப்புத்தூளைத் தரும் மரம் அல்பிசியா அமாரா. பின்சொல்லுக்குக் கசப்பு என்று பொருள். முன்சொல் பிளாரன்சு நகரத்துப் பிரபு அல்பிச்சியின் பெயர். அக்குடும்பப் பெயரில் இரட்டித்து நின்ற ஓரெழுத்து அச்சில் ஒன்றாகிவிட்டது, இன்றுவரை ஒன்றாகவே நிற்கிறது.

இனி வேலமரங்களுக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். இலத்தீன் பெயர் மாறாதது, நாட்டுப்பெயர் நிலையற்றது என்ற எண்ணம் கற்றோரிடம் ஆழப் பதிந்திருக்கிறது. அதற்கு மறுப்பு கருவேலின் வரலாறு. அகேசியா என்பது பழைய கிரேக்கச் சொல். முதலாம் நூற்றாண்டில் தியோஸ்கோரிதீஸ் எகிப்தின் முள்மரத்தை அப்பெயரால் குறித்தார். அந்த மரம் நம் கருவேலே. நைல் ஆற்றின் பெயரும் சேர்ந்து அகேசியா நைலோட்டிகா என்று இரண்டு நூற்றாண்டுக்கு மேல் வழங்கியது. வெண்பட்டையுடைய வெள்வேல், அதே பொருளில் அகேசியா லூகோஃப்ளோயியா ஆயிற்று. தமிழர் வெள்வேல் என்றனர். தெலுங்கர் தெல்ல தும்ம என்றனர். இலத்தீனும் வெண்பட்டை என்றது. பட்டைச் சாராயத்துக்குப் பெயர் தந்த பட்டையும் இதுவே.

அகேசியா என்ற பேரினம் உண்மையில் பல பேரினங்களின் கலவை என்று 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தெளிவாயிற்று. பிரிக்கும்போது பழைய பெயர் யாருக்கு? பெயரிடு விதிப்படி கருவேலின் கூட்டத்துக்கே உரியது. ஆனால் ஆஸ்திரேலியாவில் சுமார் ஆயிரம் இனங்கள் அகேசியா என்ற பெயரில் இருந்தன. அந்நாட்டின் தேசிய மலரும் அவற்றுள் ஒன்று. பெயரை அவற்றுக்கே ஒதுக்கிவிடும் தீர்மானம் 2005-இல் வியன்னாவில் கூடிய பன்னாட்டுத் தாவரவியல் மாநாட்டின் முன் வந்தது. வாக்களித்தோரில் ஏறத்தாழ 55 விழுக்காட்டினர் அதை எதிர்த்தனர். குழுவின் பரிந்துரையைத் தள்ள 60 விழுக்காடு வேண்டும் என்பது நடைமுறை. ஆகவே பெரும்பான்மையினர் எதிர்த்தும் தீர்மானம் நின்றது. 2011-இல் மெல்பர்ன் மாநாடு அதை உறுதிசெய்தது. கிரேக்கர் எம்மரத்தைக் கண்டு அப்பெயரை வைத்தார்களோ அந்த மரம் அப்பெயரை இழந்தது. அவர்கள் கனவிலும் காணாத கண்டத்து மரங்கள் அதைப் பெற்றன.

கருவேலுக்கு இப்போது வச்சேலியா என்று பெயர். இதனை 1834-இல் படைத்தவர்கள் முன்னர்ச் சொன்ன ராபர்ட் வைட்டும் அவருடைய நண்பர் வாக்கர் ஆர்னாட்டும். தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றிய தம் நூலில், அமெரிக்காவிலிருந்து வந்த கத்தூரிவேலுக்காக, மக்காவோவில் கம்பெனியின் பாதிரியாராக இருந்து செடி சேகரித்த வச்செல் என்பவரின் நினைவாக வைத்தார்கள். நெடுங்காலம் எவரும் கையாளாமல் கிடந்த அப்பெயரைத் தூசு தட்டி எடுத்து நம் கருவேலுக்கும் வெள்வேலுக்கும் அணிவித்திருக்கிறார்கள். கலப்பைக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் கருவேலங்கட்டை தேடிய உழவருக்கு இந்த மாநாடுகளில் இடமில்லை. அவர் மரத்தைக் கருவேல் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நிலையாக நின்ற பெயர் எது என்பதை வாசகர் முடிவு செய்யலாம்.

வைட்டைப் பற்றி இன்னொன்று. 1838 முதல் 1853 வரை அவர் வெளியிட்ட படத்தொகுதியில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாவரப் படங்கள் உள்ளன. அவருக்காக வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இந்திய ஓவியர்கள். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரை வைட் சூட்டினார். அக்காலத்தில் அது அரிய பெருந்தன்மை. பிற்காலத்தார் அச்செடி முன்பே வேறு பெயர் பெற்றது என்று கண்டதால் அப்பெயர் வழக்கொழிந்தது. முன்னுரிமை விதிக்கு ஆள் தெரியாது.

விதி சிலபோது நமக்குச் சாதகமாகவும் விழும். 1870-களில் ஜமைக்காவிலிருந்து விதை வருவித்துக் கடப்பை வட்டாரத்தில் ஊன்றப்பட்ட சீமைக்கருவேல், இன்று மேட்டுநிலத்தின் ஏரிகளையும் மேய்ச்சல் தரைகளையும் விழுங்கி நிற்பது எல்லோரும் அறிந்தது. ஜூலிஃப்ளோரா என்ற அதன் பெயரில் எந்தப் பெண்ணும் இல்லை. சரம்போல் தொங்கும் பூங்கொத்து என்பதே பொருள். அண்மைக்காலம் வரை அதுவும் நம் வன்னியும் ஒரே பேரினம், புரோசோபிஸ். 2022-இல் வெளிவந்த ஆய்வு அப்பேரினத்தைப் பிரித்தது. வன்னிக்கு மூதாதையர் பெயரான புரோசோபிஸ் நிலைத்தது. சீமைக்கருவேல் நெல்ட்டுமா ஆயிற்று. நம் மக்கள் முன்பே வன்னி வேறு, சீமைக்கருவேல் வேறு என்று பிரித்துத்தான் வைத்திருந்தார்கள்.

ஆனால் அந்த மக்கள் பெயர்கள் எத்தனை நாள் நிற்கும்? இலத்தீன் பெயருக்குப் பதிவேடு உண்டு; வழக்கொழிந்த பெயரும் அதில் இருக்கும். கள்ளிமுளையானுக்கும் ஆச்சாவுக்கும் மருக்காரைக்கும் பதிவேடு, மேய்ப்பவரின் நினைவே. அவர் மகன் திருப்பூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போனால் பதிவேடு மூடப்படுகிறது. பெயர் மறைந்த புதர், அளக்க வருவோரின் கண்ணுக்கு உண்மையாகவே தரிசாகிவிடும். நம் வட்டத்தின் இளைஞர்கள் விடுமுறையில் ஊர் செல்லும்போது, ஒரு குறிப்பேட்டில் ஊர்ப்பெயர், சொன்னவரின் வயது, செடியின் பெயர், அதன் பயன் ஆகியவற்றை மட்டும் எழுதி ஓர் உலர்ந்த கிளையோடு கொண்டுவந்தால், அது அடுத்த பத்தாண்டு மலருக்கு நல்ல பொருளாகும்.

முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1776-இல் தரங்கம்பாடிக்கு வந்த யோஹான் பீட்டர் ராட்லர் என்ற பாதிரியார் ஆயிரக்கணக்கில் செடிகளைச் சேகரித்தவர். அவரே தமிழ்ச் சொற்களையும் சேகரித்தார். கபிலப்பொடி என்னும் செஞ்சாயத்தைத் தரும் குன்றுமரத்துக்கு ராக்ஸ்பர்க் அவர் நினைவாக ராட்லெரா என்று பெயர் வைத்தார். 1790-இலேயே லூரெய்ரோ சூட்டிவிட்ட மல்லோட்டஸ் என்ற பெயர் முந்தியது என்பதால் ராட்லெரா நீக்கப்பட்டது. அவர் தொகுத்த தமிழ்–ஆங்கில அகராதியின் முதற்பகுதி 1834-இல் அச்சாயிற்று. 1836-இல் அவர் சென்னையில் மறைந்தார். எஞ்சிய பகுதிகளைப் பிறர் முடித்து 1841 வரை வெளியிட்டனர்.